காலில் சிவப்பு, நெறியில் வலி: 500-ஆ, 625-ஆ, ஊசியா?

சம்பா நடவு தொடங்கிவிட்டால் மன்னார்குடிப் பக்கத்து மருந்துக்கடைகளுக்கு ஒரே மாதிரியான கால்கள் வர ஆரம்பிக்கும். விரலிடுக்கில் சேற்றுப்புண், கணுக்காலுக்கு மேலே பளபளவென்று சிவப்பு, தொட்டால் சூடு, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும், ராத்திரி குளிர்க்காய்ச்சல். கேட்பதும் ஒரே மாதிரிதான்: “தம்பி, 625 ஒரு அட்டை குடு. போன தடவை 500 குடுத்தாங்க, அதுல பவர் இல்ல.”

கவுன்ட்டருக்கு உள்ளே நிற்கிறவன் என்ற முறையில் அந்த 625 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பற்றியும், அதற்குப் பதிலாக டாக்டர் எழுதக்கூடிய மற்ற மருந்துகளைப் பற்றியும் எழுதுகிறேன். எழுதிக் கொடுக்க வேண்டியவர் டாக்டர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் எதற்கு எதை எழுதுகிறார், அதனால் வயிற்றுக்கும் ஈரலுக்கும் என்ன செலவு என்று தெரிந்தால், அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டோம்.

முதலில் கணக்கு. 500 என்பது அமாக்ஸிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்து மட்டும். அட்டையில் 625 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம்தான். மீதி 125 கிளாவுலானிக் அமிலம். 375 மாத்திரையில் 250 அமாக்ஸிசிலினும் அதே 125 கிளாவுலானிக்கும். 1000 என்று வருவதில் 875-உம் 125-உம். அதனால்தான் 625 கிடைக்கவில்லை என்று இரண்டு 375 போட்டுக்கொள்வது தப்பு. அமாக்ஸிசிலின் சரியாக 500 வந்துவிடும், கிளாவுலானிக் இரண்டு மடங்காகிவிடும், வயிறும் அதற்கேற்பக் கலங்கும். அந்தக் கிளாவுலானிக்குக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் வலு சொல்லும்படி கிடையாது. சில கிருமிகள் அமாக்ஸிசிலினை உடைக்க ஒரு என்சைமை விடும். அந்த என்சைமைச் செயலிழக்க வைப்பது மட்டுமே இதன் வேலை. அந்த என்சைமை விடாத கிருமி என்றால் 500-உம் 625-உம் ஒன்றுதான். கூடுதலாகக் கிடைப்பது வயிற்றுப்போக்கு.

இது புரிய, மருந்து எங்கே அடிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பாக்டீரியாவைச் சுற்றி பெப்டிடோகிளைக்கன் என்ற சுவர் உண்டு. சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீள இழைகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சின்னச் சின்ன அமினோ அமிலத் துண்டுகள். நாகப்பட்டினத்தில் வலை பின்னுகிறவர் கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூல் எவ்வளவு இருந்தாலும் முடிச்சு விழாவிட்டால் அது வலை இல்லை. பாக்டீரியாவில் அந்த முடிச்சைப் போடுவது சில என்சைம்கள். முடிச்சு விழ வேண்டிய இடத்தில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்து இருக்கும். பென்சிலினின் வடிவம் அதைப்போலவே இருப்பதால் என்சைம் ஏமாந்து பென்சிலினைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் விடமுடியாது. இதற்கிடையில் பழைய சுவரை வெட்டிப் புதுப்பிக்கும் வேறு என்சைம்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை. வெட்டு விழுகிறது, முடிச்சு விழவில்லை. உள்ளே அழுத்தம் தாங்காமல் கிருமி வெடித்துச் சாகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம். சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும் கிருமிதான், அதாவது பெருகிக்கொண்டிருக்கும் கிருமிதான், இப்படிச் சாகும். அதனால் இந்த வகை மருந்துகளில் ஒரே வேளையில் எவ்வளவு போட்டோம் என்பதைவிட, நாள் முழுக்க எத்தனை மணி நேரம் ரத்தத்தில் மருந்து போதிய அளவில் இருந்தது என்பதே முக்கியம். எட்டு மணிக்கொரு தரம் என்று எழுதியதை, நடவுக்குப் போகிற அவசரத்தில் காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு சேர்த்து என்று போட்டால் எண்ணிக்கை சரியாக இருக்கும், மருந்து வேலை செய்யாது. “500-ல பவர் இல்ல” என்று வருகிறவர்களிடம் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று கேட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது, நம் உடம்பின் செல்லுக்கு இந்தச் சுவரே கிடையாது. பென்சிலின் குடும்பம் மற்ற மருந்துகளோடு பார்த்தால் சாதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம். அப்படியானால் பக்கவிளைவு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குடலிலிருந்து. நம் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் சுவர் உண்டு, அவையும் சேர்ந்து சாகும். எவ்வளவு அகலமாக அடிக்கிற மருந்தோ அவ்வளவு சாகும். அந்தக் காலி இடத்தில் கேண்டிடா பூஞ்சை வளர்ந்தால் வாயில் வெள்ளைப் படலம், பெண்களுக்கு அரிப்பும் வெள்ளைப்படுதலும். குளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி வளர்ந்தால் கடுமையான பேதி, சில சமயம் மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட வரும். அடுத்தது ஒவ்வாமை. பென்சிலின் உடம்புக்குள் போய் நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், அந்த ஒட்டுப்போட்ட புரதத்தை உடம்பு அந்நியன் என்று எடுத்துக்கொள்வதே ஒவ்வாமை. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அதில்தான் குழப்பம் அதிகம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இந்த மருந்துகளில் பெரும்பாலானவை உடம்பில் தேங்கி, அளவு மீறினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்று எப்போதோ யாராவது சொல்லியிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக்கூடாது.

சரி, காலுக்கு வருவோம்.

சேற்றுப்புண் வழியாக உள்ளே போய்க் காலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். சீழ் இல்லாமல், ஒரே பரப்பாகச் சிவந்து, வேகமாக மேலே ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். இந்தக் கிருமியிடம் ஒரு ஆச்சரியம் உண்டு. பென்சிலின் புழக்கத்துக்கு வந்து 80 வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றுவரை இது பென்சிலினை உடைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. ஆக, இந்தக் காலுக்குச் சாதாரண பென்சிலின் மாத்திரையோ அமாக்ஸிசிலின் 500-ஓ போதும். பழைய மருந்து, குறுகலாக அடிக்கும், விலையும் குறைவு. என்னைக் கேட்டால் இதுதான் நம் ஊரில் குறைத்து மதிப்பிடப்படும் மருந்து.

சீழ் இருக்கிறது, கொப்புளமாக ஆரம்பித்தது, அரிவாள் பட்ட காயம் பழுத்தது என்றால் கதை வேறு. அங்கே ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பென்சிலினை உடைக்கும் என்சைமைப் பெரும்பாலான ஸ்டெஃபைலோகாக்கஸ் எப்போதோ கற்றுக்கொண்டது. இங்கே வெறும் அமாக்ஸிசிலின் வீண். டாக்டர் முன்னால் இருப்பது 625 அல்லது செஃபலெக்சின் அல்லது கிளாக்ஸாசிலின் வகை.

இந்த இடத்தில் நான் செஃபலெக்சின் பக்கம். அதே சுவரில் அதே முடிச்சைத்தான் தடுக்கிறது, ஆனால் அந்த என்சைமால் இதை எளிதில் உடைக்க முடியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் பார்த்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு 625 அளவுக்கு இல்லை. குறை ஒன்றுதான், வழக்கமாக ஆறு மணிக்கொரு தரம் போடவேண்டும். விடிகாலையில் நாற்றுப் பறிக்கப் போய் மத்தியானம் திரும்புகிற ஆளுக்கு நாலு வேளை என்பது லேசில்லை. அப்படிப்பட்டவருக்கு டாக்டர் இரண்டு வேளை 625 எழுதினால் அதில் நியாயம் இருக்கிறது. போடாத நல்ல மருந்தைவிடப் போடுகிற சுமாரான மருந்து மேல். மாத்திரைப் பெட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு வயலுக்குப் போகும் ஒரு பாட்டி எங்கள் கடைக்கு வருவார். அவருக்கு நாலு வேளை என்ன, ஆறு வேளை எழுதினாலும் தவறாது.

625-க்கென்றே உள்ள இடம் நாய்க்கடி, பூனைக்கடி, மனிதர் பல் பட்ட காயம். வாயில் இருக்கும் கலவையான கிருமிகளுக்கு அது பொருத்தம். (நாய்க்கடிக்கு வெறிநாய்த் தடுப்பூசிதான் முதலில், மாத்திரை அப்புறம்.) அதைச் சாப்பாடு ஆரம்பிக்கும்போது போட்டால் வயிற்றுத் தொந்தரவு குறையும். அதன் ஈரல் பாதிப்பை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அபூர்வம்தான், வயதான ஆண்களிடம் கூடுதல். மஞ்சள் காமாலை மருந்தை முடித்துச் சில வாரம் கழித்துக்கூட வரும் என்பதால் யாரும் அந்த மாத்திரையைச் சந்தேகப்படுவதில்லை. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால் கடந்த இரண்டு மாதத்தில் 625 சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொருமுறை அதே மருந்து அவர்களுக்குக் கூடாது. குழந்தைகளுக்கான 625 வகை சிரப் தண்ணீர் கலந்தபின் ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும், கிளாவுலானிக் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், மாற்று எழுதித்தர முடியும்.

இப்போது பவர் கதையின் உச்சத்துக்கு வருகிறேன்: செஃபிக்ஸிம் 200. மூன்றாம் தலைமுறை என்பதால் முதல் தலைமுறையான செஃபலெக்சினைவிட மேலானது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். இந்தத் தலைமுறைகள் பாக்டீரியாவின் சுவர் வித்தியாசத்தை ஒட்டியவை. 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்ற மருத்துவர் ஊதாச் சாயம் ஏற்றிக் கிருமிகளை இரண்டாகப் பிரித்தார். தடித்த சுவர்க்காரர்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்வார்கள், அவர்கள் கிராம் பாசிட்டிவ். சுவர் மெலிந்து, அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வு போர்த்தியவர்கள் கிராம் நெகட்டிவ். முதல் தலைமுறை முதல் வகையை நன்றாக அடிக்கும். மூன்றாம் தலைமுறை அந்த வெளிச்சவ்வைத் தாண்டி இரண்டாம் வகையை அடிக்க உருவாக்கியது, டைபாய்டுக்கும் சில சிறுநீர்த் தொற்றுகளுக்கும் அது எழுதப்படுவது அதனால்தான். காலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸோ முதல் வகை. அதன்மேல் செஃபிக்ஸிமின் வேலை மோசம். அதாவது பவர் என்று கேட்டு வாங்கியது சீழ்ப்பிடித்த காலுக்கு உதவாது, குடலை மட்டும் துடைத்துவிட்டுப் போகும்.

செஃபலெக்சினும் செஃபிக்ஸிமும் சேர்ந்த செஃபலோஸ்போரின் குடும்பமே சாக்கடையிலிருந்து வந்தது என்பது கூடுதல் சுவாரஸ்யம். 1945-இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்துத் தண்ணீரிலிருந்து ஜூசெப்பே ப்ரோட்சு பிரித்தெடுத்த பூஞ்சைதான் மூலம்.

செஃபிக்ஸிமும் அதன் சகோதரர்களும் மருந்து விற்பனை விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச்சிலிருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பதோடு நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். “அவன் கடையில கேட்காம குடுக்கறான்” என்று கோபப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன். அமாக்ஸிசிலினுக்கும் சீட்டு வேண்டும், பதிவேடு மட்டும் இல்லை. அட்டையின் பின்னால் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு மருந்து.

ஊசி? “ஊசி போட்டாத்தான் கேக்கும்” என்பது நம் பக்கத்தில் அசைக்கமுடியாத நம்பிக்கை. வழக்கமாகப் போடுவது செஃப்ட்ரியாக்சோன், ஒரு நாளைக்கு ஒரு தரம் போதும் என்பது அதன் வசதி. வாந்தியில் மாத்திரை தங்கவில்லை, காய்ச்சல் இறங்கவில்லை, சிவப்பு மணிக்கு மணி ஏறுகிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார், சிவந்த தோல் கறுக்கிறது அல்லது பார்ப்பதற்கு மீறிய வலி இருக்கிறது என்றால் ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த நிலை இல்லாதவருக்கு, மாத்திரை குடலில் நன்றாக உறிஞ்சப்படும்போது ஊசியால் பெரிய லாபம் இல்லை. செஃப்ட்ரியாக்சோனின் ஒரு பகுதி பித்தநீரில் வெளியேறுவதால் பித்தப்பையில் கசடு சேரலாம், பெரும்பாலும் நிறுத்தினால் கரைந்துவிடும். பிறந்த குழந்தைக்குக் கால்சியம் டிரிப்போடு அதைக் கொடுக்கவே கூடாது. சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். மருந்து ஆரம்பித்து இரண்டு நாளில் கோட்டைத் தாண்டுகிறதா, உள்ளே சுருங்குகிறதா என்பது எந்த நம்பரையும்விடத் தெளிவான பதில். முதல் நாளில் கொஞ்சம் பரவுவது சகஜம். நன்றாகச் சுருங்கினால் பலருக்கு 5 நாளிலிருந்து 7 நாள் மருந்து போதும்.

ஒவ்வாமை விஷயம். “எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது” என்று சொல்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், முறையாகச் சோதித்தால் பென்சிலின் ஒத்துக்கொள்கிறது. சின்ன வயதில் வந்த வைரஸ் தடிப்பு, வயிற்றுப்போக்கு, ஊசிக்குப் பயந்து வந்த மயக்கம், எல்லாம் சீட்டில் அலர்ஜி என்று ஏறிவிடுகிறது. ஏறினால் இறங்குவதில்லை. ஆயுசுக்கும் அகலமான, பக்கவிளைவு கூடிய மருந்தே எழுதப்படும். நிஜமான ஒவ்வாமை வேறு மாதிரி: மருந்து போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம். அல்லது நாள் கழித்துத் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாவது. இந்த இரண்டில் ஒன்று வந்தவர்கள் அந்த மருந்தின் பெயரைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் “அலர்ஜி” என்று மட்டும் சொல்லாமல், என்ன மருந்து, எத்தனை நேரத்தில், என்ன ஆனது என்று சொன்னால் டாக்டருக்கு வழி திறக்கும். பென்சிலின் ஒத்துக்காதவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்காது என்று பழைய பாடம் சொல்லும். இப்போது தெரிவது அதைவிட மிகக் குறைவு. ஆனால் செஃபலெக்சினுக்கும் அமாக்ஸிசிலின் குடும்பத்துக்கும் மூலக்கூறின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலி கிட்டத்தட்ட ஒரே அச்சு என்பதால், அமாக்ஸிசிலினுக்கு மூச்சுத்திணறிய ஆள் செஃபலெக்சினைத் துணிந்து போடக்கூடாது.

பத்தியம் கேட்பவர்களுக்கு: இந்த மாத்திரைகளோடு தயிர் சாப்பிடலாம், கத்தரிக்காயும் சாப்பிடலாம்.

கும்பகோணம் பக்கத்தில் இன்னொரு கேள்வி உண்டு. யானைக்கால் வீக்கம் இருக்கும் வயதானவர்களுக்கு வருஷத்துக்குப் பலமுறை இதே சிவப்பும் குளிர்க்காய்ச்சலும் வரும். யானைக்கால் புழுதான் மறுபடி கிளம்பிவிட்டது என்று அதற்கான மாத்திரையைத் தேடுவார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் புழுவால் இல்லை, வெடித்த தோல் வழியாக நுழையும் பாக்டீரியாவால். அடிக்கடி வருகிறவர்களுக்கு டாக்டர் முன்னால் இரண்டு வழி: தினம் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரை 250, அல்லது சில வாரத்துக்கொரு தரம் இடுப்பில் பென்சதீன் பென்சிலின் ஊசி. காலில் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மாத்திரை சாப்பிட்ட வருஷத்தில் 22 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கும் திரும்ப வந்தது. நிறுத்தியபின் அந்தப் பாதுகாப்பு மறைந்துவிட்டது. ஊசி வலிக்கும், மறக்க வழியில்லை. மாத்திரை வலிக்காது, மறந்துபோகும். இரண்டுக்கும் முன்னால் தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு போடுவதைச் செய்யாதவருக்கு நான் எதையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சர்க்கரை நோயாளிகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்ற கிருமி, மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும். நெல் வயலில் இறங்குகிற சர்க்கரைக்காரர்கள் அதற்கு முக்கிய இலக்கு. ஆறாத புண், ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி, நிமோனியா என்று எந்த வேஷத்திலும் வரும். அமாக்ஸிசிலின், செஃபலெக்சின் எதுவும் அதைத் தொடாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்து நாள், அப்புறம் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை சில மாதம். இவற்றில் ஊசிகளும் சுவரை அடிப்பவையே. சீழை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை வைக்காமல் கண்டுபிடிக்க முடியாது என்பதால், சர்க்கரை இருக்கிறவர் கடைவாசலில் மாத்திரை கேட்டால் நான் அனுப்பி வைப்பது ஆஸ்பத்திரிக்குத்தான்.

காலில் ஒன்றுமில்லை, வயலுக்குப் போய் வந்தபின் காய்ச்சல் மட்டும் என்றால் 625-ஐ எடுத்துவைத்துவிடுங்கள். கெண்டைக்கால் வலி, சிவந்த கண் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அந்தக் கிருமிக்குச் சுவர் உண்டு, பென்சிலினும் செஃப்ட்ரியாக்சோனும் கேட்கும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போலக் கறுத்த, வலிக்காத ஒரு புண் இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் பூச்சிக்குஞ்சு கடித்து வருவது, நம் செல்லுக்கு உள்ளேயே குடியிருக்கும் கிருமி. சுவரை அடிக்கிற எந்த மருந்தும், எத்தனை நம்பர் போட்டிருந்தாலும், அதற்கு வேலைக்காகாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின்தான் வேண்டும், இவை கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. எலிக்காய்ச்சலையும் டாக்ஸிசைக்ளின் பார்த்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலக் காய்ச்சலில் எது என்று தெளிவாவதற்கு முன் டாக்டர் அதையே எழுதுவதுண்டு. அதற்கு மட்டும் கொஞ்சம் பத்தியம் உண்டு: பால், தயிர், சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி, முழுத் தம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி போடவேண்டும். போட்ட உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கர்ப்பிணி என்றால் முன்னாடியே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு அஸித்ரோமைசின் எழுதுவார்கள். அதோடு, டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிற நாட்களில் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் பொசுங்கும். வயல் வேலையைத் தள்ளிப்போட முடியாதவர்கள் முழுக்கைச் சட்டையும் முண்டாசுமாகப் போகட்டும்.